வளையம் போட்ட உள்ளான்

“எங்க நைனாகிட்ட வந்து நீங்க மன்னிப்புக் கேக்கணும் மேடம்.”

அன்று மத்தியானம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியது இந்த ஒன்றைத்தான். “சம்பளம் ஏத்திக் கேளு. சிபாரிசு கேளு. பழைய பொடவ இருந்தா கேட்டு வாங்கியா. மன்னிப்புன்னு மட்டும் வாயத் தொறக்காத. பெரிய எடத்துல அத்தக் கேட்டவளுக்கு மறு தபா கதவு தொறக்காது.” அம்மா மயிலாப்பூர்த் தெருக்களில் இருபது வருஷமாக மீன்கூடை சுமப்பவள். எந்தக் கதவு எதற்குத் திறக்கும், எதற்கு மூடும் என்று அவளுக்குத் தெரியும். எதற்கு மன்னிப்பு என்று மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

தெரிந்தும் நான் கேட்டேன். உட்காரக்கூட இல்லை.

பங்கஜம் மேடம் புரொஜக்டரின் கண்ணாடியை மல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அவர் வீட்டு ஹாலில் வசந்தக் கூட்டம். சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றை ஏற்கெனவே இழுத்துக் கட்டியாகிவிட்டது. துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“என்னட்டி, வந்ததும் வராததுமா? உக்காரு மொதல்ல. வெயில்ல வந்திருக்கே, மோர் குடி.”

“மோர் வேணாம்.”

“யார்ட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லுதே?”

“எங்க நைனாகிட்ட. துரைராஜ். போன பங்குனில செத்த பறவையக் கழுத்துல மாட்டி ரோட்ல நடத்திக் கூட்டினு போனாங்களே, அவருகிட்ட.”

மேடம் துணியை மடித்து வைத்தார். ஓரம் ஓரமாகச் சேர்த்து, நாலாக மடித்தார். ஜவுளிக்கடை வீட்டுப் பழக்கம்.

அவர்களுக்கு தி.நகரில் பெரிய கடை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான புதிதில் கணவர் கனகராஜ் துணி மில் படிப்புக்காக மான்செஸ்டர் போனபோது இவரும் கூடப் போயிருக்கிறார். மூன்று வருஷம். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் ஜன்னலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவரை, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள் ஒரு ஏப்ரல் மாதம் கழுத்தில் பைனாகுலரை மாட்டி வயல்வெளிக்குக் கூட்டிப் போனாராம். அதோடு அழுகை நின்றதாம். இந்தக் கதையை மேடம் ஒவ்வொரு வசந்தக் கூட்டத்திலும் சொல்வார். மரங்களுக்கடியில் நீலப் பூ பாய் விரித்த மாதிரி கிடக்கும் படம், இரண்டு முயல்கள் பின்னங்காலில் நின்று குத்துச்சண்டை போடும் படம், வேலி ஓரத்தில் முள்ளெலி, சிவப்பு நெஞ்சுக் குருவி. எல்லா ஸ்லைடுக்கும் வரிசை எனக்கு மனப்பாடம். புரொஜக்டரை ஓட்டுகிறவள் நான்தான்.

திரும்பி வந்ததும் மேடம் அடையாற்றில் பறவை வட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார். பதினாலு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெர்மாஸ் பிளாஸ்கில் டீ, வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி, ஆற்றங்கரை. பங்குனி, சித்திரையில் போகிற நடைக்கு வசந்த நடை என்று பெயர். எங்கள் சீனிவாசபுரத்தில் பங்குனியை யாரும் வசந்தம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வேர்க்குரு மாதம் என்போம். இங்கிலாந்தில் வருஷத்து முதல் குயிலைக் கேட்டவர் பத்திரிகைக்குக் கடிதம் போடுவாராம். அதனால் இங்கேயும் முதல் குயிலைக் கேட்ட உறுப்பினருக்கு ஒரு பரிசு உண்டு. மூன்று வருஷமும் முதலில் கேட்டது நான். உறுப்பினர் இல்லையென்பதால் செல்லாது.

உறுப்பினர் ஆக வேண்டுமென்றால் இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும். என்னை யாரும் முன்மொழியவில்லை. நான் அங்கே டைப்பிஸ்ட். விலங்கியல் பி.எஸ்ஸி., எங்கள் தெருவில் முதல் பட்டம், ஆணிலும் பெண்ணிலும். வேலை தேடி அலைந்து இந்த வீட்டுக்கு வந்தேன். கடைக் கடிதங்கள் டைப் அடிக்க வேண்டும், வட்டத்தின் சுற்றறிக்கைக்கு ஸ்டென்சில் வெட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை டெலஸ்கோப்பின் முக்காலியைத் தூக்க வேண்டும். நான் மறுத்ததில்லை. அந்த டெலஸ்கோப்பில் கண்ணை வைக்கலாம் என்றால் நான் முக்காலியோடு மேடத்தையும் தூக்கியிருப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. நாங்கள் தென்கரையில் நின்று டெலஸ்கோப்பைத் திருப்பினால், முகத்துவாரத்தின் எதிர்ச் சேற்றில் குனிந்து கண்ணி வைத்துக்கொண்டிருப்பவர் என் நைனா. மீன் படாத நாளில் உள்ளான் குருவி பிடிப்பார். நைலான் நூலில் சுருக்கு, சேற்றில் வரிசையாகக் குச்சி. உள்ளான் சேற்றைக் கொத்திக்கொண்டே வந்து காலை விட்டுவிடும். வீட்டில் மிளகு போட்டு வறுப்போம். மிச்சத்தை அம்மா விற்றுவிட்டு வருவாள்.

“அந்த வடகரையில என்ன ஆள் நடமாட்டம்?” என்று உறுப்பினர் யாராவது கேட்பார். நான் முக்காலியைப் பிடித்து டெலஸ்கோப்பைக் கிழக்கே திருப்பிவிடுவேன். “அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல சார்.” இரண்டு வருஷம் இப்படித் திருப்பினேன்.

போன வருஷம் பங்குனி முதல் வாரம். காலையில் நைனா என்னைக் கூப்பிட்டார். கரையில் அவரும் சேட்டு மாமாவும் நின்றிருந்தார்கள். சேட்டு மாமா சொந்தமில்லை. சின்ன வயசிலிருந்தே நைனாவோடு ஒரே கட்டுமரத்தில் போகிறவர். நைனா கையில் ஒரு வளைமூக்கு உள்ளான். கழுத்தைத் திருகியாகிவிட்டது. நெஞ்சு செங்கல் நிறத்துக்கு மாற ஆரம்பித்திருந்தது. குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக இருக்கிறவை பங்குனியில் சிவக்கும். சிவந்தால் வடக்கே புறப்படப் போகின்றன என்று அர்த்தம். அதன் காலில் ஒரு அலுமினிய வளையம்.

“இது இன்னா பாரு ரத்னா. கால்ல தண்ட மாட்டிகினு வந்துகீது.”

“யோவ், அத்தத் தொடாதய்யா,” என்றார் சேட்டு மாமா. “சர்க்கார் சாமான். எமர்ஜென்சி வேற. வேவு பாக்கற குருவியா இருந்துச்சுன்னா? தூக்கி ஆத்துல போடு.”

“குருவி இன்னாத்தடா வேவு பாக்கும்? உங்கூட்டு நண்டுக் கொழம்பையா?”

“உனுக்கு நக்கலு. நாளிக்குப் புட்சுகினு போவும்போது தெரியும்.”

நான் வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு எண், லண்டன் என்று ஒரு முகவரி. ஸ்லைடில் பார்த்திருக்கிறேன். அங்கே பறவையைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். உலகத்தில் எந்த மூலையில் யார் கையில் கிடைத்தாலும் அவர் அந்த எண்ணை எழுதிப் போட்டால், எங்கே எப்போது மாட்டியது என்று அவர் பேருக்கே பதில் வரும். நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன், சேறு தெறிக்க.

“நைனா, லண்டன்லேர்ந்து உனக்கு லெட்டர் வரும்.”

“எனக்கா? நான் இன்னா பண்ணேன்?”

“நீதான புட்ச்ச.”

“துன்றதுக்கு இல்ல புட்ச்சேன்,” என்றார். சேட்டு மாமா அடக்க முடியாமல் சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

வளையத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் காட்டினேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றே நைனா பெயரைப் போட்டு லண்டனுக்குக் கடிதம் எழுதினோம். பதில் வருவதற்கு வட்டத்தின் முகவரி. மாதக் கடைசியில் வசந்தச் சுற்றறிக்கை வெளிவந்தது. நாலு பக்கம், இங்கிலீஷில், சைக்ளோஸ்டைல், ஐம்பது பிரதி. மூன்றாம் பக்கத்தில் அந்த உள்ளான் பற்றி ஒரு பத்தி. அதில் ஒரு வரி: ‘சீனிவாசபுரம் மீனவர் துரைராஜ் முகத்துவாரத்தில் கண்ணி வைத்துப் பிடித்தது.’ சுற்றறிக்கை வழக்கமாகப் போகிற இடங்களில் மூன்று சர்க்கார் ஆபீசும் உண்டு. காட்டுயிர்களைப் பிடிக்கக் கூடாதென்று சட்டம் வந்திருந்த காலம்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, காக்கிச் சட்டையில் மூன்று பேர் கரைக்கு வந்தார்கள். “மோதிரம் போட்ட பறவையப் புடிச்சவன் எவன்?” என்று கேட்டார்கள். நைனா எழுந்து நின்றார். மறைக்கத் தெரியாது. அன்று பிடித்த ஆறு உள்ளானையும் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினார்கள். கண்ணியை எடுத்துக்கொண்டார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லாத மீன் வலையையும் எடுத்துக்கொண்டார்கள். ஜீப்பைத் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள், சாந்தோம் ரோட்டில். அதுவரை நடை. மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனம் வெளியே வருகிற நேரம். நல்ல உடை உடுத்திய குழந்தைகள் சிரித்தன. அம்மா கூடையோடு பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். நைனா அம்மாவைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனாராம்.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு. நைனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான் கற்றுக் கொடுத்திருக்கிறேன். போடட்டுமா என்று கேட்டதற்கு, கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்தார்கள்.

அன்று வீட்டில் உட்கார்ந்து நைனா விரல் மடக்கினார். “மோதிரம்னு கரீட்டா கேக்கறான். மோதிரம் இருந்தது யாருக்குத் தெரியும்? எனக்கு. சேட்டுக்கு. உனக்கு.” மூன்று விரல் மடங்கியிருந்தது. என் விரலை அவரே நிமிர்த்திவிட்டார். யோசிக்கக்கூட இல்லை. “சேட்டு,” என்றார். “அன்னிக்கே சொன்னான் பாரு, புட்சுகினு போவும்போது தெரியும்னு.”

நான் வாயைத் திறக்கவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நைனா ஆற்றுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும். பிறகு யாரோ சொல்லி, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் இரும்புச் சுருளை வாரிக் கொட்டும் வேலைக்குப் போனார். அந்த வேலைக்குப் போன பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஆவணியில் சேட்டு மாமா மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊத ஆரம்பித்தார். அவர் அடுப்பு ஊதி நான் பார்த்ததே இல்லை.

“நான் இன்னாய்யா பண்ணேன்? சொல்லிட்டு அடி. அட்ச்சுட்டாவது பேசு,” என்று மாமா வாசலில் நின்றார். நான் உள்ளே கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். அரிந்து முடித்தேன். மாமா தட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்த நைனா கல்யாணத்துக்குப் போகவில்லை.

இத்தனைக்கும் நான் இந்த வீட்டில் வேலையை விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் வந்தேன், கடைக் கடிதம் அடித்தேன், மேடமும் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நைனா பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே கேட்டார்: “உள்ளானுங்க செவந்துச்சா?”

ஒரு வருஷத்தில் முதல் தடவை. ஆற்றுக்கு நூறு கஜத்தில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறார். அதனால்தான் இன்று வந்து நின்றேன். எமர்ஜென்சி எடுத்த வாரம். ஊரெல்லாம் யாரோ யாரையோ மன்னிப்புக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் கேட்டால் என்ன என்றிருந்தது.

மேடம் மடித்த துணியைப் புரொஜக்டர் மேல் வைத்தார். “நான் என்ன செஞ்சேன்னு மன்னிப்பு? போலீஸ அனுப்பினனா?”

“சுற்றறிக்கை உங்க பேர்ல போச்சு. அதுல நைனா பேரு, எடம், கண்ணி, எல்லாம் இருந்துச்சு. ஆபீஸுக்கு மூணு காப்பி நீங்கதான் அனுப்பச் சொன்னீங்க.”

“வருஷா வருஷம் அனுப்புததுதான.”

“வருஷா வருஷம் எங்க நைனா பேரு அதுல இல்ல.”

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பறவையைப் பற்றிய காகிதமானாலும் கிழிக்கக் கூடாது. கிறுக்கல் முதற்கொண்டு ஃபைலில் போக வேண்டும். போன வருஷத்து ஃபைலை எடுத்து, ஒரு தாளை உருவி மேஜையில் வைத்தார்.

“இது என் கையெழுத்து. வாசி.”

வாசிக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். மேடம் எழுதிக் கொடுத்த நகல். அந்த வரியில் அவர் எழுதியிருந்தது: ‘கரையில் இறந்து கிடந்தது. கண்டெடுத்தவர், வட்டத்தின் உதவியாளர்.’ அதன் மேல் நீல மையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, என் எழுத்தில், மீனவர் துரைராஜ், கண்ணி, எல்லாம்.

இதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. மேலே எழுதிக்கொண்டு வந்தபோதும் தாண்டித்தான் வந்தேன். அந்த வரி என்னுடையது. ஸ்டென்சில் வெட்டிய விரலும் என்னுடையது.

ஏன் மாற்றினேன்? ‘பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே’ என்று வட்டத்தின் முதல் விதி ஹாலில் மாட்டியிருக்கிறது. அது கரையில் கிடக்கவில்லை. நான் கண்டெடுக்கவில்லை. விதிப்படி செய்தேன் என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பாதிதான். மீதி என்னவென்றால், அந்த நாலு பக்கத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் மில் முதலாளிகளும் வரிசையாக இருந்தார்கள். அந்த வரிசையில் என் நைனா பெயர் அச்சில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு வருஷம் டெலஸ்கோப்பைத் திருப்பியதற்கு ஒரு ஈடு. அவர் பெயரின் முதல் எழுத்துக்கு ஷிப்டை அழுத்தியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் காகிதம் யார் யார் கைக்குப் போகும் என்று உறை மேல் முகவரி அடித்தவளே நான்தான். தோன்றவில்லை.

“ஸ்டென்சில நான் பாத்தேன்,” என்றார் மேடம், குரலைத் தணித்துக்கொண்டு. “பிள்ள அப்பன் பேரப் போட்டுருக்கு, இருக்கட்டும்னு விட்டேன். அது நான் செஞ்ச தப்பு. இல்லங்கல.”

“அது தப்பில்ல மேடம். போன் வந்துச்சே, அது?”

எனக்கு அந்த போன் பற்றி வீட்டு வேலைக்காரி சொல்லித்தான் தெரியும். என்ன பேசினார் என்று தெரியாது.

“அந்தாளப் புடிச்ச அன்னைக்கு ஆபீஸ்லேர்ந்து கேட்டாவ. ஒங்க வட்டத்துக்குத் தெரிஞ்ச ஆளா, விட்டுரலாமான்னு.” புரொஜக்டரின் ஒயரை விரலில் சுற்றினார். “தெரியாதுன்னுட்டேன்.”

“என்னத் தெரியும்ல?”

“ஒன்னத் தெரியும்னு சொன்னா ஒம்பேரும்லா கெட்டுப் போவும். பட்டம் படிச்ச பிள்ள. ஒனக்காவத்தாம் சொன்னேன்.”

அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல சார். இரண்டு வருஷம் நான் சொன்னதும் அதேதான். திட்டுவதற்காகத்தான் வந்தேன். திட்டியிருக்கலாம்.

“சரி. இப்பயாச்சும் வாங்க,” என்றேன். “சேட்டு மாமா எதிர்ல ஒரு வார்த்தை. சொன்னது சேட்டு இல்ல, நாங்கதான்னு. அவ்ளோதான். ரிக்‌ஷால பத்து நிமிஷம்.”

“நாங்கன்னா யாரு?”

நான் மேஜைமேல் கிடந்த நகலைப் பார்த்தேன்.

“நான் வந்து நின்னு நாங்கன்னு சொன்னா, ஒங்கப்பன் யாருன்னு கேக்க மாட்டானா? ஒன்ன நான் காட்டிக் குடுக்கவா? இல்ல, எல்லாம் நானேன்னு சொல்லணுமா?” கோபமில்லாமல் கேட்டார். “ஒன் தப்பையும் சேத்து நான் சொமக்கணும்னு வந்திருக்கே. அப்படித்தான?”

அப்படித்தான். காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்த காட்சியில் மேடம் பட்டுப்புடவையோடு எங்கள் வாசலில் நின்று எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுகிறார். நைனா எழுந்து சேட்டு மாமா வீட்டுக்கு ஓடுகிறார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவளாக நிற்கிறேன்.

மேடம் ஃபைலிலிருந்து ஒரு நீல உறையை எடுத்தார். வெளிநாட்டுத் தபால்தலை. முகவரியில் முதல் வரி: திரு. துரைராஜ்.

“இது எப்ப வந்துச்சு?”

“ஆடில.”

“எட்டு மாசம்.”

“அந்த நேரத்துல குடுத்தா புண்ணுல குச்சி விட்டாப்ல இருக்கும்னு பட்டுது.”

பிரித்துத்தான் இருந்தது. அன்புள்ள ஐயா என்று ஆரம்பித்திருந்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சதுப்பு நிலத்தில், இரண்டு வருஷத்துக்கு முன், மே மாதத்தில், வயிறு முழுக்கச் சிவந்திருந்த நிலையில் இந்தப் பறவைக்கு வளையம் போட்டார்களாம். இவ்வளவு தூரத்திலிருந்து தகவல் வந்தது தங்களுக்குப் பெரிய சந்தோஷமாம். சிரமம் பாராமல் தெரிவித்ததற்கு நன்றியாம். கண்ணி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அதே சதுப்புக்குத்தாம் ஒன்ன அனுப்பணும்னு பாக்கேன்,” என்றார் மேடம். இன்னொரு தாளைத் தள்ளினார். “நான் சொல்லுவம்லா, பக்கத்து வீட்டு அம்மா. அவுக இப்ப அங்கதாம் இருக்காக. அடுத்த ஏப்ரல், மே, ஜூன், மூணு மாசம். பறவைக்கு வளையம் போடுத முகாம்ல ஒத்தாசைக்கு ஒரு பிள்ள வேணுமாம். டிக்கெட்டு நம்ம கடை எடுக்கும். சாயங்காலம் கூட்டத்துல சொல்லலாம்னு இருந்தேன். நீ அதுக்குள்ள கொடிபிடிச்சுட்டு வந்துட்டே.”

அப்போதுதான் உட்கார்ந்தேன். நீலப் பூ, முயல், முள்ளெலி. வேட்டித் துணியில் மூன்று வருஷம் நான் ஓட்டிய அத்தனை படமும். நைனாவின் உள்ளான் ஒரு மே மாதம் இறங்கிய இடம். வேண்டும் என்று என் வாய் கேட்டுவிடும் போலிருந்தது.

விண்ணப்பத்தை மேடமே பூர்த்தி செய்திருந்தார். தகப்பனார் தொழில்: மீன் வியாபாரம். சரி, இருக்கட்டும். கூட ஒரு சிபாரிசுக் கடிதம். ‘இந்தப் பெண், ஆற்று முகத்துவாரத்தில் இறந்து கிடந்த வளையமிட்ட உள்ளானைக் கண்டெடுத்து…’

“இத நான் கண்டெடுத்ததா போட்டிருக்கீங்க.”

“இல்லன்னா ஒன்ன எதுக்குடீ கூப்பிடுவாவ? ஊருல ஆயிரம் பி.எஸ்ஸி. இருக்கு.”

“செத்துக் கெடக்கலியே அது.”

“கண்ணின்னு எழுதினா வெள்ளக்காரன் மூஞ்சியச் சுளிப்பான்.”

“இந்த லெட்டர்ல சுளிக்கலியே மேடம். நன்றி சொல்லிக்கிறான். திரு. போட்டு.”

மேடத்துக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. “நெசத்த எழுதி என்னத்தக் கண்டே? ஒங்கப்பன் கழுத்துல தொங்கிச்சுலா? ஒருக்கா பொய்யா எழுதித்தாம் பாரேன். கையெழுத்தப் போடு. போயிட்டு வந்தா இதெல்லாம் மறந்து போவும்.”

பேனாவை எடுத்துக் கொடுத்தார். நல்ல பேனா, மூடியைக் கழற்றியே கொடுத்தார். கீழே ‘மேற்கண்டவை உண்மை’ என்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் அணில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. சொல்லப்போனால் அவர் சொன்னதில் தப்பில்லை. உண்மையை எழுதினேன், நைனாவை நடத்திக் கூட்டிப் போனார்கள். பொய்யை எழுதினால் நான் கப்பல் ஏறலாம். ஆனால் அந்தப் பறவை ஒன்றுதான் நைனாவிடம் மிச்சம். ஆறு போயிற்று, கட்டுமரம் போயிற்று, சேட்டு போனார். அதையும் நான் எடுத்துக்கொண்டு போய் என் பெயரில் போட்டுக்கொள்வதா? ஆவணியில் கத்தரிக்காய் அரிந்த மாதிரி, இன்னொரு தடவை குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது.

பேனாவை மூடினேன். விண்ணப்பத்தின் மேல் வைத்தேன். நீல உறையை எடுத்துக்கொண்டேன்.

“அது வட்டத்து ஃபைல்,” என்றார்.

“மேல எங்க நைனா பேரு இருக்கு.”

“பின்ன என்ன செய்யப் போறே?”

“மன்னிப்புக் கேக்கப் போறேன். நீங்க வர வேணாம்.”

“ஒங்கப்பன் அடிப்பான்.”

“அடிக்கட்டும். அட்ச்சுட்டாவது பேசட்டும்.”

சேட்டு மாமாவின் வார்த்தை. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தெரிந்தது.

வாசல் வரை வந்துவிட்டேன். பின்னால் மேடம், “ஏட்டி, சாயங்காலம் ஸ்லைடு போட ஆளில்லட்டி,” என்றார். அந்தக் குரலில் அதிகாரமில்லை. மான்செஸ்டரில் ஜன்னலண்டை நின்றவரின் குரல் அப்படித்தான் இருந்திருக்கும். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. “வரிசை பெட்டி மேல எழுதி ஒட்டியிருக்கேன் மேடம். முயல் படத்த மட்டும் தலைகீழா போடணும்,” என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

தெருவில் தார் இளகியிருந்தது. சேட்டு மாமா நாலு மணிக்கு மரத்தைக் கரையேற்றுவார். நைனாவின் பஸ் வர ஆறாகும். முதலில் மாமாவிடம் சொல்ல வேண்டும். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். அவர் வருவாரோ மாட்டாரோ. உள்ளான் சிவந்துவிட்டது, இன்னும் இரண்டு மூன்று நாளில் கிளம்பிவிடும் என்பதையும் நைனாவிடம் சொல்ல வேண்டும். நேற்று அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உறையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடந்தேன்.